வீடு மாறும்போது அட்வான்ஸ் காசு: சில கேள்விகள்

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வெளிநாட்டில் இருக்கிறவர்களின் வீடுகள் சிலவற்றைப் பார்த்துக்கொள்கிறேன். சாவி கொடுப்பதும் திரும்ப வாங்குவதும் நான்தான். அதற்கு முன் பல வருஷம் நானே வாடகைக்கு இருந்தவன். இடமாற்றக் கடிதங்கள் வரத் தொடங்கியதும் வருகிற கேள்விகளில் சில இவை.

நாலு வருஷம் இருந்த வீடு. அட்வான்ஸ் 60,000 ரூபா. பெயின்ட் அடிக்கிற செலவைக் கழித்துத்தான் தருவேன் என்கிறார் வீட்டுக்காரர். — ஓர் ஆசிரியை, கிளிநொச்சி

முதலில் ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள், ரீச்சர். 'போகும்போது பெயின்ட் அடித்துக் கொடுக்க வேண்டும்' என்று அதில் இருந்தால் வாதாட இடமில்லை. இல்லையென்றால், நாலு வருஷத்தில் பெயின்ட் மங்கியது வீட்டின் வயது. அதற்கு நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. பிள்ளைகள் கிறுக்கிய சுவர், அடுப்புப் புகை, ஆணி ஓட்டை இதெல்லாம் உங்கள் கணக்கு.

ஓட்டையைப் புட்டி வைத்து அடைத்து, அதன் மேல் மட்டும் பெயின்டைத் தொட்டு வைக்காதீர்கள். புதுப் பெயின்ட் பழைய சுவரில் அம்மைத் தழும்பு மாதிரித் தெரியும். மூலையிலிருந்து மூலை வரை அந்த ஒரு சுவரை முழுதாக அடித்துவிடுங்கள்.

இன்னொன்று, எங்கள் ஊர்ச் செம்மண். பீலி இல்லாத கூரையென்றால் மாரி மழையில் தெறித்து, வெளிச்சுவரின் அடியில் இரண்டடிக்குச் சிவப்பாக ஏறியிருக்கும். அது உங்கள் பிழையில்லை. ஆனாலும் கேற்றைத் திறந்ததும் வீட்டுக்காரரின் கண் போகிற இடம் அதுதான். ஒரு விடியக்காலை பிரஷும் வாளித் தண்ணியுமாக உட்காருங்கள். சண்டை பாதியாகக் குறையும்.

குளியலறைப் பைப், ஷவர் எல்லாம் வெள்ளையாகப் படிந்து கல்லாகிவிட்டது. அசிட் போடலாமா? — புதுக்குடியிருப்பு

வேண்டவே வேண்டாம். கிணற்றுத் தண்ணியில் உள்ள சுண்ணாம்புதான் அது. கேத்திலுக்குள் படிகிறதும் இதேதான். பழைய துணியை வினாகிரியில் நனைத்து பைப்பைச் சுற்றி, மேலே ஒரு ஷொப்பிங் பையைக் கட்டி, இரண்டு மூன்று மணித்தியாலம் விடுங்கள். பிறகு பழைய பல் பிரஷால் தேய்த்தால் பொருபொருவென்று உதிரும். போகாவிட்டால் இன்னொரு தடவை. ஷவர் தலையைக் கழற்றி வினாகிரியில் ஊறப்போடலாம். வினாகிரி இல்லையென்றால் தேசிக்காய்ப் புளியும் வேலை செய்யும், நேரம்தான் கூட எடுக்கும்.

நான் பார்க்கிற ஒரு வீட்டில், குடியிருந்த தம்பி கடை அசிட்டைச் சீமெந்துத் தரையில் ஊற்றிவிட்டார். கறை போனது, கூடவே தரையின் வழுவழுப்பும் போனது. கால் வைத்தால் மணல் நறநறத்தது. மேசனுக்குக் கொடுத்த காசு அவருடைய அட்வான்ஸில்தான் கழிந்தது. இன்னொரு கவனம்: கழிவறை கழுவுகிற அசிட் திரவத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போடாதீர்கள். கிளம்புகிற வாயு நெஞ்சை அடைக்கும், ஆபத்து.

வீட்டுக்காரர் கனடாவில். அட்வான்ஸை அவருடைய தம்பியிடம் கையில் கொடுத்தேன், ரசீது இல்லை. — வவுனியா

உறவு நன்றாக இருக்கிற இப்போதே வட்ஸ்அப்பில் எழுதுங்கள்: "அண்ணா, இந்த மாதக் கடைசியில் வீட்டை விடுகிறேன். தம்பியிடம் கொடுத்த அட்வான்ஸ் இவ்வளவு. யாரிடம் வாங்கிக்கொள்வது?" அவர் "தம்பி தருவார்" என்று ஒரு வரி அனுப்பினாலே அது உங்களுக்குச் சாட்சி. கோல் எடுத்துக் கதைத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. சாவி கொடுக்கும் நாளில் வெறும் அறைகளை வீடியோ எடுத்து அதையும் அனுப்புங்கள்.

அப்புறமும் இழுத்தடித்தால் கிராம சேவையாளரிடம் சொல்லிப் பாருங்கள். அடுத்தது இணக்க சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தது, சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை. ஆனால் அங்கே தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால்தான் முடியும்.

கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழிக்கச் சொல்லலாமா? — மாங்குளம்

கேட்கலாம், அவர் சம்மதித்தால் சரி. சொல்லாமல் வாடகையை நிறுத்தினால் உடைந்த ஒரு பூட்டுக்குக்கூட அவர் கணக்குப் பார்க்கத் தொடங்குவார். போகிற அன்றைக்கு கரண்ட் மீற்றரைப் போட்டோ எடுங்கள். கடைசி பில் நீங்கள் போன பிறகுதான் வரும். அதைச் சாட்டி முழு அட்வான்ஸையும் பிடித்து வைப்பது வழக்கம். பழைய பில்லைப் பார்த்து ஒரு தொகையை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை அன்றைக்கே கேளுங்கள்.

நான் வைத்த வாழை குலை தள்ளியிருக்கிறது. வெட்டிக்கொண்டு போகலாமா? — முல்லைத்தீவு

மரம் அங்கேயே நிற்கட்டும், கிளப்பினால் வளவில் குழி. குலை முற்றியிருந்தால் கேட்டுவிட்டு வெட்டுங்கள். நான் என்றால் இரண்டு சீப்பை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கதையை எடுப்பேன்.