புகையிலையை விட்டுவிட்டுப் பாக்கை மட்டும் மெல்லலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. களுவாஞ்சிகுடிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அம்மா புகையிலை சேர்த்துத்தான் வெற்றிலை போடுகிறார். இப்போது ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்குக் குறையாது. சில மாதங்களாக உறைப்புக் கறி பட்டாலே வாய் எரிகிறது என்கிறார். வலது கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு தடம் தெரிகிறது. வைத்தியரிடம் போவோம் என்றால், "புகையிலையை நிறுத்திவிடுகிறேன், வெறும் வெற்றிலையும் பாக்கும் ஒன்றும் செய்யாது" என்று சொல்லித் தட்டிக்கழிக்கிறார். அம்மா சொல்வது சரியா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சகோதரி, உறைப்புத் தாங்காத எரிவு, வெள்ளைத் தடம் என்று நீங்கள் எழுதிய இரண்டும் எனக்குக் கவலை தருகின்றன. புகையிலையை எப்படி விடுவது என்ற பேச்சு பிறகு இருக்கட்டும். இந்த வாரத்துக்குள் அம்மாவின் வாயை ஒரு பல் வைத்தியர் பார்த்தாக வேண்டும். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவுக்கே போகலாம். மேலதிகப் பரிசோதனை தேவை என்று கண்டால் அங்கிருந்தே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள்.

இனி அம்மா சொன்னதற்கு வருகிறேன். அது சரியல்ல. கிளினிக்கில் இதே வார்த்தையை நான் அடிக்கடி கேட்கிறேன். புகையிலையைக் குற்றவாளியாக்கிவிட்டுப் பாக்கை எல்லோரும் விடுதலை செய்துவிடுகிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கீழ் இயங்கும் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று 1985 இலேயே வகைப்படுத்தியது. 2004 இல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேராத வெற்றிலைக் கலவையையும், பாக்கையும்கூட அதே முதலாம் வகுப்பில் சேர்த்தது. வெற்றிலையை மட்டும் தனியே எடுத்து அப்படி வகைப்படுத்தவில்லை. களுதாவளையில் வெற்றிலைக் கொடியை நம்பி வாழும் குடும்பங்களை அறிந்தவன் என்பதால் இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பாக்கில் அரிகோலின் என்ற பொருள் இருக்கிறது. அது கன்னத்தின் உட்தோலுக்குக் கீழே நார்களை அளவுக்கு மீறி வளரச் செய்கிறது. பழைய நார்கள் கரைந்துபோவதும் தடைப்படுகிறது. மெத்தென்று இருக்க வேண்டிய கன்னம் மெல்ல மெல்ல வெளிறி விறைக்கிறது. இந்த நார் இறுக்க நோயின் தொடக்கம் பெரும்பாலும் எரிவுதான். உறைப்புப் பட்டால் எரியும், பிறகு சுடுசோறு பட்டாலும் எரியும். அதன் பின்னர் வாய் திறப்பது குறுகத் தொடங்கும்.

சூடடிப்புக் காலத்தில் வயலில் விடிய விடிய வெற்றிலை போட்டுப் பழகிய ஒருவர் ஒருமுறை என்னிடம் வந்தார். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறக்கச் சொன்னேன். அவருடைய முன்பற்களுக்கு இடையில் ஒரு விரல்தான் நுழைந்தது. சோற்றை உருட்டி வாயில் வைக்க முடியாமல், கஞ்சியாகக் கரைத்துக் குடித்துக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டியிருந்தார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே கயிறு இழுத்துக் கட்டியதுபோல் இருந்தது. அவர் புகையிலையை விட்டுப் பல காலம் ஆகியிருந்தது. பாக்கை விடவில்லை.

இந்த இறுக்கம் வந்தபின் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பாக்கை விட்டால் அது மேலும் முற்றுவதைத் தடுக்கலாம். பயிற்சியாலும் மருந்தாலும் ஓரளவு தளர்த்தலாம். அத்தோடு, இறுகிய கன்னத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் சாதாரண வாயைவிடப் பல மடங்கு அதிகம்.

புகையிலை செய்யும் தீங்கு வேறு. புகை இல்லையென்றால் நஞ்சு இல்லை என்பது தவறான எண்ணம். புற்றுநோயைத் தூண்டும் நைட்ரோசமைன் என்ற இரசாயனங்கள் புகையிலையைப் பதப்படுத்தும்போதே இலைக்குள் உருவாகிவிடுகின்றன. அதற்குத் தீ மூட்டத் தேவையே இல்லை. சுண்ணாம்பு சேரும்போது எச்சில் காரத்தன்மை அடைகிறது. நிக்கொட்டின் பிரிந்து, கன்னத்தின் தோல் வழியே விரைவாக இரத்தத்தில் கலக்கிறது. அம்மா சுண்ணாம்பைக் கூட்டினால் "நல்லா ஏறுது" என்று சொல்வாரே, அதன் காரணம் இதுதான். அதே சுண்ணாம்பு தோலையும் புண்ணாக்குகிறது. எந்தப் பக்கத்துக் கன்னத்தில் அடக்கி வைக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக வலது பக்கம் என்றுதான் சொல்வார்.

இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். பெண்களும் தப்பவில்லை. உலக அளவில், 2022 இல் வாய்ப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது மெல்லும் புகையிலையாலும் பாக்காலும் வந்தது என்று அதே முகவரகம் கணித்திருக்கிறது. அதாவது ஏறக்குறைய 1,20,000 பேர்.

வைத்தியசாலைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே ஒருமுறை பாருங்கள். கையைக் கழுவிக்கொண்டு, கைபேசியின் டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தால் போதும். முதலில் அம்மாவின் மூன்று விரல்களைச் சேர்த்து, ஒன்றன் மேல் ஒன்றாக வரும்படி நிமிர்த்தி, அவருடைய முன்பற்களுக்கு இடையில் வைக்கச் சொல்லுங்கள். மூன்றும் நுழைந்தால் திறப்பு நன்றாக இருக்கிறது. இரண்டோடு நின்றால் இறுக்கம் தொடங்கியிருக்கலாம். கட்டுப்பல் இருந்தால் அதன்பிறகு கழற்றிவிட்டு, இரண்டு கன்னங்களின் உட்புறம், முரசுக்கும் கன்னத்துக்கும் இடைப்பட்ட பள்ளம், நாக்கின் ஓரங்கள், நாக்கின் அடிப்புறம் என்று பாருங்கள். வெள்ளைத் தடத்தைச் சுத்தமான துணியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள், அழியாமல் இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். சிவப்புத் தடம் இருந்தால் அது வெள்ளையைவிட அவசரமானது. இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், கழுத்தில் கட்டி, காரணமில்லாமல் ஆடும் பல் ஆகியவையும் அப்படித்தான். "நோவு இல்லையே" என்று அம்மா சொன்னால் அதைக் கேட்டு நிம்மதி அடையாதீர்கள். வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

தடத்திலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லக்கூடும். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று ஊரில் யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு, கழுத்தில் கட்டியோடு திரும்பி வந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. விறைப்பு ஊசி போட்டுச் சில நிமிடங்களில் முடியும் வேலை அது. அதனால் நோய் பரவாது. எல்லா வெள்ளைத் தடமும் புற்றுநோய் அல்ல. பழக்கத்தை விட்டதும் மறைந்துபோகும் தடங்களும் உண்டு. அது எந்த வகை என்று கண்ணால் மட்டும் பார்த்து எவராலும் உறுதி சொல்ல முடியாது.

விடுவதைப் பற்றி. புகையிலை, பாக்கு இரண்டையும் சேர்த்தே விட வேண்டும், ஏனென்றால் பாக்கும் அடிமைப்படுத்தும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டவர், அடுத்த செத்தவீட்டு இரவில் பழையபடி வெற்றிலை வட்டாவின் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். முதல் மூன்று நாள் கடினம்: எரிச்சல், தலையிடி, நித்திரைக் குறைவு, மலச்சிக்கல். மூன்று நான்கு கிழமைகளில் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆசை எழும் நேரம் சில நிமிடங்கள்தான் நீடிக்கும். காலைத் தேநீருக்குப் பின் போடும் முதல் வெற்றிலையே பலருக்கு மிகக் கடினம், அந்த நேரத்தில் அம்மாவைத் தனியே விடாதீர்கள். வெற்றிலை உரலையும் பாக்குவெட்டியையும் நீங்கள் ஒளித்து வைக்க வேண்டாம். அவரே எடுத்து உங்கள் கையில் தரும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். வாய்க்கு ஏதாவது வேண்டும் என்றால் கராம்பு கொடுக்காதீர்கள், எரியும் வாயை அது இன்னும் எரிக்கும். கொஞ்சம் பெருஞ்சீரகம் போதும். புகையிலையை விடுவதற்கான ஆலோசனைக்கு 1948 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

வந்தவர்களுக்கு வெற்றிலை வைப்பது நம் மரியாதை, அதை யாரும் விடச் சொல்லவில்லை. வட்டாவில் வெற்றிலை இருக்கட்டும். புகையிலைத் துண்டும் பாக்கும் அதில் வேண்டாம். புகையில்லாப் புகையிலைப் பொருட்களை இறக்குமதி செய்வதும் விற்பதும் 2016 முதல் இந்த நாட்டில் தடை. 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் எதையும் விற்கக்கூடாது என்பது 2006 ஆம் ஆண்டுச் சட்டம். பாடசாலைக்குப் பக்கத்துக் கடையில் புகையிலைச் சரை தொங்கினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம்.

வைத்தியசாலைக்குப் போகும் அன்று காலை அம்மா வெற்றிலை போடாமல் வரட்டும்; கறை படிந்த வாயில் மெல்லிய சிவப்பும் வெண்மையும் கண்ணுக்குத் தப்பிவிடும். அவர் நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவராக இருந்தால் கிளினிக் புத்தகத்தையும் கொண்டுபோங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறார் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.