காது படித்த பாடம்

கேள்வி: அப்பா சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறார். பேசிக்கொண்டே இருந்தாலும், எந்தத் தறியில் சத்தம் மாறினாலும் உடனே எழுந்து போய்விடுவார். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கவனிக்காமலே கற்றுக்கொள்ள முடியுமா?
– வாசகி, சோமனூர்

பதில்: விதி தெரியாமலே கற்கலாம், கண்ணு. கவனமே இல்லாமல் என்றால் எனக்குத் தயக்கம்தான்.

1987இல் நிஸ்ஸென், புல்லமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், நான்கு இடங்களில் மாறி மாறித் தோன்றும் விளக்குக்கு ஏற்பப் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பத்து விளக்குகள் கொண்ட ஒரே வரிசைதான் திரும்பத் திரும்ப வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் கை வேகமெடுத்தது. ஞாபகசக்தி இழந்த நோயாளிகளுக்கு வரிசை இருப்பதே தெரியவில்லை, அவர்களும் வேகமானார்கள்! அப்புறம், வேறு சிலரிடம் பொத்தானை அழுத்தும்போது கூடவே ஒலிகளையும் எண்ணச் சொன்னார்கள். கற்றல் அங்கேயே தடுமாறியது.

பவானியில் என் அப்பிச்சி ஜமக்காளம் நெய்தவர். தறிக்குழியில் உட்கார்ந்து ஊர்க்கதை முழுக்கப் பேசுவார், கால் தானாக மிதிக்கும். ஆனால் எனக்குப் பழக்கிய நாட்களில் ஒரு வார்த்தை பேச விடமாட்டார். "வாய மூடிட்டு நூலப் பாரு சாமி" என்பார். எந்த மிதி எப்போது என்று ஒருநாளும் விளக்கியதில்லை.

உங்கள் அப்பா தறிக்கு வந்த புதிதில் இப்படிப் பேசினாரா? கேட்டு எழுதுங்கள்.