முதல் சுற்றுப் பிக் ஐந்து இருப்பதை நம்பி ஜெட்ஸ் சீட் உரிமம் வாங்கலாமா?

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். மகனால் நானும் அமெரிக்க ஃபுட்பால் அணியான நியூயார்க் ஜெட்ஸின் ரசிகன் ஆகிவிட்டேன். ஆபீஸில் தெரிந்த ஒரு டிக்கெட் புரோக்கர், கீழ்த்தளத்தில் இரண்டு சீட்டுக்கான பி.எஸ்.எல். (பெர்சனல் சீட் லைசென்ஸ்) உரிமத்தை, சீட்டுக்கு 2,000 டாலர் வீதம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். "டீமிடம் இரண்டு வருஷத்துக்கு முதல் சுற்றுப் பிக் (புது வீரரை எடுக்கும் வாய்ப்பு) ஐந்து இருக்கிறது, விலை இரட்டிப்பாகும், பிளேஆஃப் (சீசன் முடிந்து நடக்கும் நாக்அவுட் சுற்று) டிக்கெட்டும் உங்களுக்குத்தான்" என்கிறார். நண்பர்களோ நிர்வாகமே சரியில்லை என்று சண்டை போடுகிறார்கள். வாங்கலாமா? டீம் தேறுமா?

பதில்: வாங்காதீர்கள். டீம் தேறுமா என்பது வேறு கேள்வி, அதைப் பிறகு பார்ப்போம். டீம் தேறினாலும் புரோக்கர் சொல்வது நடக்காது என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

பி.எஸ்.எல். என்பது டிக்கெட் இல்லை. அந்த சீட்டுக்கு ஒவ்வொரு வருஷமும் சீசன் டிக்கெட் வாங்கும் உரிமை, அவ்வளவுதான். நம் ஊரில் கடை பிடிக்கப் பகடி கொடுத்துவிட்டு, மாதாமாதம் வாடகையும் தனியாகக் கட்டுவது மாதிரி. ஒரு வருஷம் டிக்கெட் பணம் கட்டத் தவறினால் உரிமமே கைவிட்டுப் போகும், போட்ட 2,000 டாலரும் சேர்ந்து போகும். இதைத்தான் புரோக்கர் கடைசி வரை வாயைத் திறந்து சொல்ல மாட்டார்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். சீட்டுக்கு ஆட்டத்துக்கு 150 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சீசன் பொட்டலத்தில் வழக்கமாகப் பத்து ஆட்டம். இரண்டு சீட்டுக்கு வருஷம் 3,000, மூன்று வருஷத்துக்கு 9,000. உரிமத்துக்குக் கொடுத்த 4,000ஐயும் சேர்த்தால் 13,000 டாலர். பார்க்கிங் தனி. பத்து ஆட்டத்துக்கும் போனால் தலைக்கு ஆட்டத்துக்கு சுமார் 217 டாலர் விழுகிறது. வேலை, மகனின் பள்ளி, டிசம்பர் குளிர் எல்லாம் போக நீங்கள் ஆறு ஆட்டத்துக்குத்தான் போவீர்கள். மிச்சம் நான்கை சீட்டுக்கு 60 டாலருக்குத் தள்ளிவிட முடிந்தாலும், நீங்கள் போய்ப் பார்த்த ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் தலைக்கு 321 டாலர் ஆகிறது. தோற்கும் டீமின் ஆட்டத்துக்கு, அதுவும் கடைசி நேரத்தில், அதில் பாதிக்கும் குறைவாகவே டிக்கெட் கிடைக்கும்.

பத்து ஆட்டம் என்றதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. லீக் ஆட்டம் 17 என்பதால் ஜெட்ஸ் இருக்கும் ஏ.எஃப்.சி. கான்ஃபரன்ஸுக்கு (லீக்கின் இரண்டு பாதிகளில் ஒன்று) ஒற்றைப்படை வருஷங்களில் சொந்த மைதானத்தில் ஒன்பது, இரட்டைப்படை வருஷங்களில் எட்டு. மிச்சத்தை நிரப்புவது சீசனுக்கு முன் நடக்கும் ப்ரீசீசன் பயிற்சி ஆட்டங்கள். அவற்றில் முக்கிய வீரர்கள் பெரும்பாலும் சும்மா நிற்பார்கள், விலை மட்டும் உங்கள் பில்லில் நிற்கும். 2025ல் ஜெட்ஸின் ஒரு சொந்த மைதான ஆட்டம் லண்டனுக்கே போய்விட்டது. ரசிகன் பணம் கட்டுவது நியூஜெர்சியில், லீக் கடை விரிப்பது டாட்டன்ஹாமில்!

அடுத்து பிளேஆஃப் டிக்கெட். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் புரோக்கரின் பெரிய தூண்டில் இதுதான். சொந்த மைதானத்தில் பிளேஆஃப் நடந்தால் சீசன் டிக்கெட்காரருக்கு முதல் வாய்ப்பு என்பது உண்மை. ஆனால் பிளேஆஃபுக்குப் போவது ஒன்று, அதைச் சொந்த மைதானத்தில் ஆடுவது வேறொன்று. ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலிருந்தும் ஏழு அணிகள். முதல் நான்கு இடம் டிவிஷனை (கான்ஃபரன்ஸுக்குள் நான்கு அணிகள் கொண்ட குழு) ஜெயித்தவர்களுக்கு. ஐந்து, ஆறு, ஏழு என்பவை வைல்ட்கார்டு, முதல் சுற்றில் அவர்கள் வெளியூர்தான். ஜெட்ஸ் கடைசியாக ஏ.எஃப்.சி. ஈஸ்ட் டிவிஷனை ஜெயித்தது 2002 சீசனில். சொந்த மைதானத்தில் கடைசியாக பிளேஆஃப் ஆடியதும் அந்த சீசனின் 2003 ஜனவரியில், கோல்ட்ஸ் அணியை 41-0 என்று நொறுக்கியபோது. அது பழைய மைதானம். 2009, 2010 சீசன்களில் டீம் அரையிறுதி மாதிரியான கான்ஃபரன்ஸ் இறுதி வரை போனதே, அதில் ஆடிய ஆறு ஆட்டமும் வெளியூரில். அதாவது, 2010ல் திறந்த மெட்லைஃப் மைதானத்தில் ஜெட்ஸ் சொந்த அணியாக ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடியதில்லை. வைல்ட்கார்டு அணி சொந்த ஊரில் ஆடவே முடியாதா என்றால், முடியும்: எதிரே வரும் அணி இவர்களைவிடக் கீழ் இடத்தில் இருக்க வேண்டும். உதாரணமாக ஐந்தாம் இடமும் ஆறாம் இடமும் கான்ஃபரன்ஸ் இறுதியில் மோதினால் ஐந்தாம் இடத்துக்காரர் ஊரில் ஆட்டம். அதற்கு இரண்டு அணிகளும் அடுத்தடுத்து இரண்டு வெளியூர் ஆட்டம் ஜெயித்து வர வேண்டும். அதை எதிர்பார்த்து 13,000 டாலர் போடுவது உங்கள் விருப்பம்.

இனி உங்கள் நண்பர்களின் சண்டைக்கு வருவோம்.

டிராஃப்ட் என்பது கல்லூரி வீரர்களை 32 அணிகளும் ஏழு சுற்றில் வரிசையாகப் பொறுக்கும் ஏற்பாடு. மோசமாக ஆடியவருக்கு முதல் வாய்ப்பு. 2025 நவம்பர் 4 அன்று ஜெட்ஸ் இரண்டு பெரிய வீரர்களை விற்றது. சாஸ் கார்ட்னரை கோல்ட்ஸுக்குக் கொடுத்து 2026, 2027 முதல் சுற்றுப் பிக்குகளையும் ஒரு வீரரையும் வாங்கியது. க்வின்னன் வில்லியம்ஸை கவ்பாய்ஸுக்குக் கொடுத்து 2026 இரண்டாம் சுற்று, 2027 முதல் சுற்று, கூட ஒரு வீரர். சொந்தப் பிக்குகளோடு சேர்த்தால் இரண்டு வருஷத்தில் ஐந்து முதல் சுற்று. புரோக்கர் சொன்ன எண்ணிக்கை சரிதான்.

எண்ணிக்கை சரி, எடை வேறு. 1990களில் கவ்பாய்ஸ் உருவாக்கிய புள்ளி அட்டவணையை இன்றும் பலர் உரைகல்லாக வைத்திருக்கிறார்கள். அதில் முதல் பிக் 3,000 புள்ளி, இரண்டாவது 2,600, பதினாறாவது 1,000, முப்பத்திரண்டாவது 590. எல்லாமே "முதல் சுற்று"தான்! கோல்ட்ஸும் கவ்பாய்ஸும் எவ்வளவு நன்றாக ஆடுகிறார்களோ அவ்வளவு கீழே இறங்கும் ஜெட்ஸின் கையில் இருக்கும் பிக். ஆகவே அந்த இரண்டு அணிகளும் தோற்க வேண்டும் என்று உங்கள் மகன் வேண்டிக்கொண்டால் திட்டாதீர்கள், பையனுக்குக் கணக்குத் தெரிகிறது.

பிக்குகள் குவிவது ஜெட்ஸுக்குப் புதிதில்லை. 2000ல் முதல் சுற்றில் மட்டும் நான்கு பேரை எடுத்தது: எல்லிஸ், ஆப்ரஹாம், பென்னிங்டன், பெக்ட். நல்ல அறுவடைதான். 2022லும் கார்ட்னர், கேரட் வில்சன், ஜெர்மெய்ன் ஜான்சன் என்று முதல் சுற்றில் மூவர், இரண்டாம் சுற்றில் ப்ரீஸ் ஹால். அப்போதும் எல்லோரும் கைதட்டினார்கள். அப்படியும் 2010 சீசனுக்குப் பிறகு பிளேஆஃப் எட்டிப் பார்க்கவில்லை. காரணம் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் ஆள்.

குவார்ட்டர்பேக்குக்காக டிராஃப்ட் வரிசையில் மேலே ஏறப்போய் என்ன ஆனது என்பதற்கு 2018ஐப் பாருங்கள். மூன்றாவது பிக்குக்காக ஜெட்ஸ் கொடுத்தது 6, 37, 49ஆம் பிக்குகள், கூடவே 2019 இரண்டாம் சுற்று ஒன்று. அட்டவணைப்படி அந்த வருஷத்துப் பிக்குகளே 1,600, 530, 410, ஆக 2,540 புள்ளி. வாங்கியது 2,200. அடுத்த வருஷத்து இரண்டாம் சுற்று அதற்கு மேல் கொசுறு. அப்படி எடுத்த சாம் டார்னல்ட் மூன்று சீசனில் வெளியே போனார். 2024ல் மின்னசோட்டாவில் அவர் 14 வெற்றி எடுத்தார் என்பதைக் கவனியுங்கள். பிக் தப்பு என்று சொல்வதைவிட, பிக்கை வளர்க்கும் இடம் தப்பு என்று சொல்வது பொருத்தம். 2021ல் இரண்டாவது பிக்கில் எடுத்த ஸாக் வில்சனுக்கும் அதே மூன்று வருஷம்தான். பயிற்சியாளரை மாற்றலாம், ஜெனரல் மேனேஜரை மாற்றலாம், 2025ல் ஏரன் க்ளென், டாரன் மூகி என்று இருவரையுமே புதிதாகக் கொண்டுவந்தார்கள். முதலாளியை யார் மாற்றுவது? 2000லிருந்து ஒரே குடும்பம். ரசிகர் ஓட்டு அங்கே செல்லாது.

நிர்வாகத்தை எடைபோட டிராஃப்ட் முடிந்த மறுநாள் வரும் "ஏ பிளஸ்" மதிப்பெண்களைப் பார்க்காதீர்கள், அவை வெறும் பொழுதுபோக்கு. முதல் ஒப்பந்தம் நான்கு வருஷம். முதல் சுற்று வீரர்களுக்கு ஐந்தாம் வருஷத்தையும் அணியே விருப்பம்போல் நீட்டிக்கலாம். அது முடிந்த பிறகு எத்தனை பேருக்கு இரண்டாம் ஒப்பந்தம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள் என்பதே அளவுகோல். கார்ட்னருக்கு 2025 ஜூலையில் நான்கு வருஷத்துக்கு 120.4 மில்லியன் நீட்டிப்பு, நவம்பரில் விற்பனை. அந்த விலைக்கு விற்றது கெட்ட வியாபாரம் இல்லை, ஆனால் ஜூலையில் ஒரு திட்டம், நவம்பரில் வேறொரு திட்டம் என்றால் உங்கள் நண்பர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

செய்தியில் வரும் ஒப்பந்தத் தொகையையும் அப்படியே நம்பாதீர்கள். அதைச் செய்தியாளர் காதில் ஓதுவது பெரும்பாலும் வீரரின் ஏஜென்ட். அடுத்த வாடிக்கையாளரைப் பிடிக்க அவருக்குப் பெரிய எண் வேண்டும். 2025 மார்ச்சில் குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸுக்கு இரண்டு வருஷம் 40 மில்லியன் என்று வந்தது. உறுதியான பணம் 30 மில்லியன்தான். நவம்பருக்குள் அவரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது உறுதித்தொகை ஒன்றையே.

அணியின் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, 2025ல் 279.2 மில்லியன். கையெழுத்து போனஸை உடனே கொடுத்தாலும் கணக்கில் ஐந்து வருஷம் வரை பரப்பி எழுதலாம். 50 மில்லியன் போனஸ் என்றால் வருஷம் பத்து. இரண்டு வருஷத்தில் வீரரை வெளியே அனுப்பினால் மிச்சம் 30 மில்லியன் ஆளில்லாமல் கணக்கில் விழும். இதைத்தான் டெட் மணி என்கிறார்கள். பழைய குவார்ட்டர்பேக் ஏரன் ரோஜர்ஸ் போன பிறகு ஜெட்ஸ் கணக்கில் மிஞ்சியது 49 மில்லியன்: 2025ல் 14, 2026ல் 35. ஆகவே 2026ல் பெரிய விலைக்கு ஆள் பிடிப்பார்கள் என்று ஆபீஸில் யாராவது பந்தயம் கட்டினால் முதலில் அந்த 35ஐ நினைவுபடுத்துங்கள். இளம் வீரர்கள் பழுக்க இரண்டு, மூன்று வருஷம் ஆகும். நியாயமாகக் கணக்குப் போட்டால் 2027 சீசனுக்கு முன் இந்தப் பிக்குகளின் பலனை எதிர்பார்க்காதீர்கள். அதுவரை உங்கள் பில் மட்டும் தவறாமல் வரும்.

இவ்வளவு சொல்லியும் மகன் அடம்பிடித்தால், வழி இருக்கிறது. ஜெட்ஸ் மேல்தளத்துக்கு பி.எஸ்.எல். வைக்கவில்லை. அதே மைதானத்தில் ஆடும் ஜயன்ட்ஸ் எல்லா சீட்டுக்கும் 1,000 முதல் 20,000 டாலர் வரை வசூலித்தபோதும் ஜெட்ஸ் மேல்தளத்தை விட்டுவைத்தது. அங்கே சீசன் டிக்கெட் வேண்டுமானால் அணியின் டிக்கெட் அலுவலகத்தில் நேரடியாகக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம் விட்டுவிடலாம், இழக்க உரிமம் எதுவும் இல்லை.

கீழ்த்தளம்தான் வேண்டும் என்றால் புரோக்கரிடம் பணம் நகரும் முன் செய்ய வேண்டியவை. உரிமம் யார் பெயரில் இருக்கிறது, செக்‌ஷன், வரிசை, சீட் எண் என்ன, பாக்கி இருக்கிறதா என்று விற்பவரின் ஒப்பந்த நகலோடு கேளுங்கள். பெயர் மாற்றம் அணியின் அலுவலகம் வழியாகத்தான் நடக்க வேண்டும், கட்டணமும் உண்டு, பழைய பாக்கி தீராமல் மாற்ற மாட்டார்கள். அலுவலகத் தொலைபேசி எண்ணை அணியின் தளத்திலிருந்து நீங்களே எடுங்கள், புரோக்கர் அனுப்பும் எண்ணை அழைக்காதீர்கள். "உரிமம் என் பெயரிலேயே இருக்கட்டும், டிக்கெட்டை மட்டும் ஒவ்வொரு வாரமும் உங்கள் போனுக்கு அனுப்புகிறேன்" என்றால் நீங்கள் வாங்கியது எதுவும் இல்லை, வாடகைக்கு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் ஆப்பில் பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடியுங்கள், போன பணம் திரும்பாது.

தனித்தனி ஆட்டமாக வாங்குவதுதான் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும். ஸ்க்ரீன்ஷாட் அனுப்புகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். போனில் பார்கோடு மாறிக்கொண்டே இருக்கும், வாசலில் படம் செல்லாது. கையில் இல்லாத சீட்டையே விற்பனைக்குப் போட்டு, விற்ற பிறகு தேடும் ஆட்களும் உண்டு. வரிசை எண், சீட் எண் தெளிவாகச் சொல்லாத விளம்பரத்தைத் தாண்டிப் போங்கள். 2025 மே 12 முதல் மத்திய விதிப்படி, அரசு வரி நீங்கலாக, கட்டாயக் கட்டணம் எல்லாம் சேர்த்த முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும். கடைசிப் பக்கத்தில் வரிக்கு மேல் தொகை ஏறினால் அந்தத் தளத்தை மூடிவிடுங்கள். டீம் தோற்றுக்கொண்டிருந்தால் விலை ஆட்ட வாரத்தில்தான் இறங்கும். புதன்கிழமை ஒருமுறை, சனிக்கிழமை இரவு ஒருமுறை பார்த்து, குறைவாக இருக்கும்போது வாங்குங்கள். பஃபலோ பில்ஸ் வரும் ஆட்டத்துக்கு மட்டும் இது பலிக்காது, அவர்கள் ரசிகர்கள் கூட்டமாக வந்து விலையை ஏற்றிவிடுவார்கள். அதை மட்டும் அட்டவணை வெளியானதும் முதலிலேயே எடுத்துவிடுங்கள்.