100 டாலரும் 26 வாசகர்களும்

அன்புள்ள ஐயா,

நான்கு ஆண்டுகளாகக் கூகுளின் இலவச வலைப்பூத் தளமான பிளாகரில் எழுதிவருகிறேன். கரிசல்காட்டு மானாவாரிப் பயிர்கள், மிளகாய் வத்தல் வியாபாரம், எண்ணெய்ச் செக்குகள், பழைய சந்தைகள் என்று நீளமான கட்டுரைகள். இதுவரை 210 ஆகிவிட்டது. மாதம் சுமார் 30,000 பக்கப் பார்வை வருகிறது. சென்ற ஆண்டு கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் கிடைத்தது, ஆனால் பணம் இன்னும் கைக்கு வரவில்லை. ஒரு நண்பர் “வேர்ட்பிரஸுக்கு மாறு, ஏஐயை வைத்துத் தினம் ஐந்து பதிவு போடு, உள்ளே வந்ததும் திரையை மறைக்கிற மாதிரி ஒரு பெட்டி வை” என்கிறார். இன்னொருவர் “வலைப்பூ செத்துப்போச்சு, யூடியூபுக்குப் போ” என்கிறார். வாசகர்களிடம் பணம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. விளம்பரத்தை நம்பலாமா? மாறுவதென்றால் எப்படி மாறுவது?

ச., விருதுநகர்

அன்புள்ள ச.,

கூச்சத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் கணக்கு.

உங்கள் ஆட்சென்ஸ் அறிக்கையில் ‘பக்க ஆர்பிஎம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். ஆயிரம் பார்வைக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பது அதுதான். உங்கள் எண்ணைக் கடிதத்தில் சொல்லவில்லை, ஆகவே அரை டாலர் என்று வைத்துக்கொள்கிறேன். 30,000 பார்வைக்கு மாதம் 15 டாலர். 100 டாலர் சேர்ந்தால்தான் கூகுள் பணம் அனுப்பும், அதற்கு ஏழு மாதம். எட்டாவது மாதம் 21ஆம் தேதிக்குமேல் வங்கிக்கு வரும். ஆண்டுக்கு 180 டாலர். டாலர் 85 ரூபாய் என்றால் 15,300 ரூபாய்.

இதே தொகையை வாசகரிடம் கேட்டுப் பெறுவதென்றால்? ஆண்டுச் சந்தா 600 ரூபாய் என்று வையுங்கள். பணம் வாங்கித் தரும் கேட்வே நிறுவனம் பொதுவாக 2 சதவீதம் எடுக்கும், அந்த 12 ரூபாய்க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 14 ரூபாய் 16 காசு போக 585 ரூபாய் 84 காசு உங்களுக்கு. 26 பேர் கட்டினால் 15,231 ரூபாய். மாதம் 30,000 பார்வை ஓராண்டு முழுக்க உழைத்து ஈட்டுவதை 26 பேர் ஒரே நாளில் தந்துவிடுகிறார்கள். உங்கள் ஆர்பிஎம் ஒரு டாலராகவே இருந்தாலும் 52 பேர்தான்.

விளம்பர விலை ஏன் இவ்வளவு குறைவு என்பது மண்டி ஊர்க்காரரான உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் அந்த விளம்பர இடம் ஏலத்துக்குப் போகிறது. வத்தல் எவ்வளவு நயமாக இருந்தாலும் ஏலம் கேட்க ஆள் இல்லாத அன்று விலை விழும், இல்லையா? கடன், காப்பீடு, வீட்டுமனை பற்றிய பக்கத்துக்கு ஏலம் கேட்பவர் பலர். குதிரைவாலியின் வரலாற்றுக்கு யார் கேட்பார்? வாசகர் டொரண்டோவிலிருந்து திறந்தால் விலை கொஞ்சம் ஏறும், சாத்தூரிலிருந்து திறந்தால் இறங்கும். தரகு வேறு. 2024 தொடக்கத்திலிருந்து நடப்பில் இருக்கும் முறைப்படி, விளம்பரதாரர் கூகுள் வழியாக 100 ரூபாய் போட்டால் விளம்பர இடத்தை அவருக்கு வாங்கித் தரும் கருவிக்குச் சராசரியாக 15 ரூபாய் போய்விடும். மீதி 85இல் 80 சதவீதம், அதாவது 68 ரூபாய் உங்களுக்கு. ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டதே 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன் தமிழில் எழுதி விளம்பரம் வைக்க நினைத்தவர்கள் ஆங்கிலப் பத்திகளை நடுவே செருகி ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள்.

பணம் வராததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். 10 டாலர் சேர்ந்ததும், உங்கள் முகவரியைச் சரிபார்க்க, கூகுள் ஒரு ரகசிய எண்ணை (பின்) தபாலில் அனுப்பும். சாதாரணத் தபால்தான், கையெழுத்து வாங்கிக் கொடுப்பதல்ல. முகவரியில் கதவு எண்ணும் தெருவும் தபால்காரருக்குப் புரியும்படி இல்லையென்றால் உறை எங்கோ போய்விடும். நான்கு மாதத்துக்குள் எண்ணை உள்ளிடாவிட்டால் விளம்பரமே நின்றுவிடும். வரவில்லையென்றால் மறுபடி கேட்டு வாங்குங்கள். அவசரத்தில் மனைவி பெயரில் இரண்டாவது கணக்குத் திறக்காதீர்கள், இரண்டும் போய்விடக்கூடும். சொந்த விளம்பரத்தை நீங்கள் சொடுக்குவதும், ‘ஒரு கிளிக் பண்ணுங்க’ என்று உறவினரிடம் சொல்வதும் கணக்கு முடக்கத்துக்கு நேர்வழி.

வேர்ட்பிரஸ் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு இப்போது தேவை வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருள் அல்ல, சொந்த டொமைன், அதாவது உங்களுக்கென்று ஓர் இணைய முகவரி. அதை பிளாகரிலேயே பொருத்திக்கொள்ளலாம், அதற்குத் தனியாக ஹோஸ்டிங் கட்டணம், அதாவது தளத்தை வைக்கும் இடத்துக்கான வாடகை, கிடையாது. பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருபவர்களை பிளாகரே புதிய முகவரிக்குத் திருப்பிவிடும். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். தளம் வடிவமைத்துத் தரும் பையன் தன் கணக்கில் வாங்கி வைத்துக்கொண்டால், அவன் வேலை மாறிப் போகும் நாளில் உங்கள் தளமும் கூடவே போகும்.

இங்கே பலர் இடறும் குழி ஒன்று உண்டு. ‘தானாகப் புதுப்பித்தல்’ போட்டிருக்கிறோமே என்று நிம்மதியாக இருப்பார்கள். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, இந்திய அட்டையிலிருந்து தவணைதோறும் தானாகப் பணம் எடுக்க வேண்டுமென்றால் அட்டைதாரர் முதலில் ஒப்புதல் பதிவு செய்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் முன்பே அறிவிப்பும் வர வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குள் வராத வெளிநாட்டு டொமைன் விற்பனையாளரின் கோரிக்கையை வங்கி சத்தமில்லாமல் நிராகரித்துவிடும். டாட் காம் காலாவதியானால் விற்பனையாளரைப் பொறுத்துச் சில வாரம் அவகாசம் கிடைக்கலாம். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம், கட்டணம் பல மடங்கு. அதன்பின் ஐந்து நாள் காத்திருப்பு. பிறகு யாரும் வாங்கலாம். ஒரு காலத்தில் நல்ல கட்டுரைகள் இருந்த முகவரியில் இன்று சூதாட்டப் பக்கம் இருப்பது இப்படித்தான். ஐந்தாண்டுக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள், 10 ஆண்டு வரை கட்டலாம்.

அடுத்தது கட்டுரைகளின் முகவரி. தமிழில் தலைப்பு வைத்தால் பிளாகர் அந்த எழுத்துகளை உதிர்த்துவிட்டு ‘பிளாக்-போஸ்ட்_15’ என்று ஒரு பெயரை ஒட்டும். உங்கள் 210 கட்டுரையில் பெரும்பாலானவை அப்படித்தான் இருக்கும். பழையதைத் தொடாதீர்கள், மாற்றினால் வெளியே பகிர்ந்த இணைப்புகள் அறுந்துவிடும். புதியவற்றுக்குப் பிரசுரிக்கும் முன்பே பெர்மாலிங்க் என்ற முகவரிப் பகுதியில் ரோமன் எழுத்தில் மூன்று நான்கு சொல் கொடுங்கள். வேர்ட்பிரஸில் கோளாறு வேறு மாதிரி. அது தமிழை ஏற்றுக்கொள்ளும், ஆனால் சதவீதக் குறி போட்ட குறியீடாக மாற்றிச் சேமிக்கும். கணினி ஒவ்வொரு எழுத்தையும் துணைக்குறியையும் தனித்தனிக் குறியீட்டுப் புள்ளியாக எண்ணும். தமிழில் ஒவ்வொரு புள்ளியும் மூன்று பைட், எழுதினால் ஒன்பது எழுத்து. ‘கு’ என்பது ககரமும் உகரக் குறியுமாக இரண்டு புள்ளி, ஆக 18. முகவரிக்கு இருக்கும் இடமோ 200 எழுத்து. 22 புள்ளியில் தலைப்பு பாதியில் முறியும், ‘கரிசல்காட்டு மானாவாரி’ தாண்டாது. வாட்சாப்பில் பகிர்ந்தால் ஒரு முழ நீளச் சதவீதக் குறிகள். பயந்துபோய் யாரும் தொடமாட்டார்கள்.

பின்னாளில் வேர்ட்பிரஸுக்குப் போனால், பிளாகரின் ஆண்டு, மாதம், பெயர், கடைசியில் எச்டிஎம்எல் என்ற அதே முகவரி அமைப்பை அங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள். பிளாகர் தரும் காப்புக் கோப்பில் எழுத்தும் பின்னூட்டமும் இருக்கும், படங்கள் இருக்காது. அவற்றைத் தனியாக இறக்க வேண்டும். இறக்காமல் மாறியவர்களின் பக்கங்களில் படங்கள் இன்னும் கூகுளின் கிடங்கிலிருந்துதான் வருகின்றன. பழைய பிளாகை அழித்தால் அவையும் போய்விடக்கூடும்.

தினம் ஐந்து பதிவு யோசனையைக் கைவிடுங்கள். 2024 மார்ச்சில் கூகுள், குப்பைப் பக்கங்களைத் தடுக்கும் தன் ஸ்பேம் கொள்கையில், தேடலில் முன்னேறுவதற்காக மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களைச் சேர்த்தது. எந்திரம் எழுதியதா, கூலிக்கு ஆள் எழுதியதா என்ற பேதம் அதில் இல்லை. உங்கள் 210 கட்டுரைக்குத் தேடலில் இருக்கும் மதிப்பையும் அந்த ஆயிரம் குப்பைப் பக்கங்கள் இழுத்துக்கொண்டு கவிழும். கொள்கை கிடக்கட்டும். செக்கு உலக்கையின் மரம் எது என்று எழுதுகிற ஒருவர் ‘மிளகாயின் 10 நன்மைகள்’ எழுதுவதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

யூடியூப் வேறு தொழில். விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை வேண்டும். நீளமான காணொளியில் 55 சதவீதம் உங்களுக்கு. கேமரா, வெளிச்சம், ஒலி, வெட்டு ஒட்டு எல்லாம் கற்கவேண்டும். விருப்பமிருந்தால் செய்யுங்கள், வலைப்பூ செத்துவிட்டது என்பதற்காகச் செய்யாதீர்கள். செத்தது வாசகர் வந்துகொண்டிருந்த பாதைகள். 2004இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள், அதாவது பல வலைப்பூக்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் காட்டும் தளங்கள், ஒரு காலத்தில் எல்லோரையும் கொண்டுவந்து சேர்த்தன. பிடித்த தளங்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் வாசிக்கத் தந்த கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடியது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்கள் குடும்பத்தார் பதிவுகளை முன்னே தள்ளிப் பக்கங்களின் பதிவுகளைப் பின்னே தள்ளியது. 2021 ஜூலையில், புதிய பதிவுகளை வாசகருக்கு அனுப்பித் தந்த கூகுளின் ஃபீட்பர்னர் தன் மின்னஞ்சல் சேவையை நிறுத்தியது. பிளாகரின் ஓரத்தில் இருந்த ‘மின்னஞ்சலில் பெற’ பெட்டிக்குப் பின்னால் இருந்தது அதுதான். பட்டியலை முன்கூட்டி இறக்கி வைத்தவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்களுக்குப் பல ஆண்டு வாசகர்கள் யாரென்றே தெரியாமல் போனது.

ஆகவே முகவரிப் பட்டியல் உங்கள் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் மின்னஞ்சல் கேட்கும் சின்னப் பெட்டி போதும். மாதம் ஒருமுறை பட்டியலைக் கோப்பாக இறக்கி வையுங்கள். மடல் அனுப்பும் முகவரி சொந்த டொமைனில் இருக்க வேண்டும். ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு வேறொரு சேவை வழியாக மொத்தமாக அனுப்பினால் அது ஸ்பேம் கூடையில்தான் விழும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் கெடுபிடி. டொமைன் அமைப்பில், மடலை அனுப்புவது நீங்கள்தான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளைச் சேர்க்கச் சொல்லி மடல் சேவையே வழி காட்டும். அரை மணி நேர வேலை.

இப்போது கூச்சம். நீங்கள் கேட்கப்போவது நன்கொடை அல்ல, சந்தா. சொல் வேறுபாடு மட்டுமல்ல இது. உங்களுக்கு அறக்கட்டளை கிடையாது, கொடுப்பவருக்கு வரிச்சலுகையும் கிடையாது. மேலும் உங்கள் வாசகரில் கனடா, பிரிட்டன் குடியுரிமை பெற்ற தமிழர்கள் இருப்பார்கள். வெளிநாட்டுக் குடிமகன் இந்தியாவில் ஒருவருக்குத் தரும் நன்கொடை வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்துக்குள் வரக்கூடும், இந்தியக் கடவுச்சீட்டுடன் வெளிநாட்டில் இருப்பவர் தருவது அதில் வராது. தொழில்முறையில் தரும் சேவைக்கு வாங்கும் கட்டணம் அந்தச் சட்டத்தில் பங்களிப்பாகக் கருதப்படுவதில்லை. ஆகவே பணத்துக்கு ஈடாக ஒன்றைக் கொடுங்கள், ரசீதும் கொடுங்கள். பக்கத்தில் ‘நன்கொடை’ என்று எழுதும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

என்ன கொடுப்பது? கட்டுரைகளைப் பூட்டாதீர்கள். பூட்டிய பக்கத்தை யாரும் வாட்சாப்பில் அனுப்பமாட்டார்கள், புது வாசகர் வரும் வழி அடைபடும். சந்தாதாரருக்குப் புதிய கட்டுரை இரண்டு வாரம் முன்பே மடலில் போகட்டும். ஆண்டு முடிவில் அந்த ஆண்டின் கட்டுரைகளைத் திருத்தித் தொகுத்து ஒரு மின்னூலாக அனுப்புங்கள். அது டெலிகிராமில் சுற்றத்தான் செய்யும். துரத்திக்கொண்டு ஓடவேண்டாம், முதல் பக்கத்திலேயே சந்தா இணைப்பை வைத்துவிடுங்கள்.

மாதச் சந்தா வேண்டாம். மேலே சொன்ன ரிசர்வ் வங்கி விதி இங்கேயும் குறுக்கே வரும், ஒவ்வொரு மாதமும் சிலர் உதிர்வார்கள். ஒருமுறை ஒப்புதல் தந்தால் தானாகப் பணம் பிடிக்கும் யுபிஐ ஆட்டோபே இருக்கிறது, ஆனால் நடுத்தர வயது வாசகர்கள் அந்த ஒப்புதல் திரையைக் கண்டால் தயங்குவார்கள். ஆண்டுக்கொரு முறை, யுபிஐயில், அவர்களே அனுப்பட்டும். முடிவதற்கு 15 நாள் முன் ஒரு மடல், அன்றைக்கு ஒன்று, ஒரு வாரம் கழித்துக் கடைசியாக ஒன்று. அதற்குமேல் கேட்கக்கூடாது. சந்தா வாங்கி மடல் அனுப்ப உதவும் சப்ஸ்டேக் என்ற தளம் 10 சதவீதம் எடுக்கும். பணம் வாங்க அது நம்பியிருக்கும் ஸ்ட்ரைப் என்ற கேட்வே இந்தியாவில் அழைப்பு இருந்தால்தான் கணக்குத் தரும் என்பதால் உங்களுக்கு இப்போதைக்கு அந்த வழி இல்லை.

விளம்பரத்தை உடனே எடுக்கவேண்டும் என்றும் சொல்லமாட்டேன். பக்கத்துக்கு இரண்டு இடம், கட்டுரைக்கு மேலே ஒன்றும் இல்லாமல். ‘தானியங்கி விளம்பரம்’ என்ற வசதியை அணைத்துவிடுங்கள், அது பத்திக்கு நடுவே புகுந்து வாசிப்பை அறுக்கும். விளம்பரம் வரும் கட்டத்துக்கு 280 பிக்சல் உயரம் முன்பே ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டால் விளம்பரம் தாமதமாக வந்து எழுத்தைக் கீழே தள்ளும், வாசித்துக்கொண்டிருந்த வரி கண்ணிலிருந்து நழுவும். சந்தா 26 பேரைத் தாண்டிய பிறகு அந்த இரண்டும் தேவையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

வேலையை விடுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லது.

பி.கு.: திரையை மறைக்கும் பெட்டி வேண்டாம். கைபேசியில் உள்ளே வந்ததும் அப்படி மறைக்கும் பக்கங்களைத் தேடலில் பின்னுக்குத் தள்ளுவதை 2017 ஜனவரியிலேயே கூகுள் தொடங்கிவிட்டது. உங்கள் நண்பர் இன்னும் 2016இல் இருக்கிறார்.