லிக்டன்ஸ்டைனில் டிசைன் பதிவு: கேள்வி பதில்

சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே 160 சதுர கிலோமீட்டரில் இருக்கும் நாடு லிக்டன்ஸ்டைன். அங்கே பொருளின் தோற்றத்துக்கு உரிமை பெறுவது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

குகன், பேர்ன்: அக்கா, ஒரு கதிரையின்ர டிசைனை சுவிஸில பதிஞ்சு வச்சிருக்கிறன். லிக்டன்ஸ்டைனுக்கும் அது செல்லும்தானே? காசும் ஒண்டு, எல்லையில மறிக்கிறதும் இல்லை.

செல்லாது தம்பி. 1923 சுங்க ஒப்பந்தம், பிராங்கு எல்லாம் உண்மைதான். காப்புரிமையிலும் 1978 ஒப்பந்தப்படி இரண்டும் ஒரே பிரதேசம்; ஒன்றை விட்டு மற்றதற்கு மட்டும் வாங்கவே முடியாது. அதைப் பார்த்துத்தான் டிசைனும் அப்படியே என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். டிசைனுக்கும் வணிகக்குறிக்கும் அப்படி ஏற்பாடு கிடையாது. 2002இல் அவர்கள் தனி டிசைன் சட்டம் இயற்றினார்கள். சுவிஸ் சட்டத்தின் சாயல் நன்றாகவே தெரியும், ஆனால் பதிவேடு வேறு. உங்கள் கதிரைக்கு ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாதுகாப்பு இல்லை.

மீனா: ஐரோப்பிய ஒன்றியப் பதிவு இருந்தால் போதுமா மேடம்?

போதாது. லிக்டன்ஸ்டைன் 1995 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருக்கிறது, ஒன்றியத்தில் இல்லை. நார்வே, ஐஸ்லாந்து கதையும் இதுவே.

செல்வம்: அப்படியென்றால் எங்கே விண்ணப்பிப்பது? இந்தியாவிலிருந்து முடியுமா?

தலைநகர் வடூஸில் உள்ள பொருளாதார அலுவலகத்தில் நேரடியாகக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் ஹேக் ஒப்பந்த வழி: ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் ஒரே விண்ணப்பம், ஒரே வகுப்பில் 100 டிசைன் வரை. அந்த ஒப்பந்தத்தின் 1999 வடிவம் 2003 டிசம்பர் 23 முதல் லிக்டன்ஸ்டைனில் நடப்பில் உள்ளது. சுவிட்சர்லாந்து, ஒன்றியம், லிக்டன்ஸ்டைன் மூன்றையும் ஒன்றாகவே குறிக்கலாம் என்பதால் இதைத்தான் நான் சொல்வேன். ஆனால் இந்தியா இந்த ஒப்பந்தத்தில் இல்லை. உறுப்பு நாடொன்றில் குடியிருப்போ உண்மையான தொழில் நிறுவனமோ இருந்தால் சரி. இரண்டும் இல்லையென்றால் நேரடி வழிதான். இந்தியாவில் விண்ணப்பித்த 6 மாதத்துக்குள் போட்டால் பாரிஸ் ஒப்பந்தப்படி இந்தியாவில் விண்ணப்பித்த தேதியே கணக்கில் வரும்.

ரஹீம்: சான்றிதழ் கிடைத்துவிட்டால் டிசைன் புதியது என்று அரசே ஒப்புக்கொண்ட மாதிரிதானே?

இல்லை பாய். பதிவின்போது புதுமையை யாரும் ஆராய்வதில்லை. எதிராளி வழக்குப் போட்டு, பழைய விற்பனைப் பட்டியலில் இதே உருவத்தைக் காட்டினால் பதிவு விழுந்துவிடும். தேடிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். நீங்களே முன்பு வெளியிட்டிருந்தால் 12 மாதம் சலுகை உண்டு; அதற்குள் விண்ணப்பித்தால் அந்த வெளியீடு புதுமையைக் கெடுக்காது. பதிவின் காலம் 5 ஆண்டு. நான்கு முறை புதுப்பித்தால் 25 ஆண்டு.

சுதா: வேலை செய்யும் விதத்தைப் பாதுகாக்குமா?

அது காப்புரிமையின் வேலை. வேலைக்காக மட்டுமே அமைந்த உருவத்துக்கு டிசைன் உரிமை கிடைக்காது.

பாலாஜி: சுமார் 40 ஆயிரம் பேர் இருக்கும் நாட்டுக்கு இவ்வளவு மெனக்கெடலா சார்?

மேடம்தான், பரவாயில்லை. விற்பனைக்காக மட்டும் என்றால் வேண்டாம். ஆனால் டிசைன் உரிமை விற்பதை மட்டுமல்ல, தயாரிப்பதையும் தடுக்கும். துளையிடும் கருவிகள் செய்யும் ஹில்டியின் தலைமையகமும், பல் மருத்துவப் பொருள் செய்யும் இவோக்ளாரும் அங்கே ஷான் என்ற ஊரில்தான் இருக்கின்றன. நீங்கள் அந்தத் துறைக்காரர் என்றால் லிக்டன்ஸ்டைனைக் கட்டாயம் குறியுங்கள். கைப்பையோ செருப்போ செய்பவர் அந்தப் பணத்தை வேறு நாட்டுக்குக் கட்டலாம்.