தண்ணீர் மனித உரிமை என்றால் அதற்குக் காசு வாங்கலாமா?

வாங்கலாம். 2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை சுத்தமான குடிநீரை மனித உரிமையாக ஏற்றது. இலவசமாகத் தரச் சொல்லவில்லை. ஏழைக்கும் கட்டுப்படியாக வேண்டும், அவ்வளவுதான்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தது தென் அமெரிக்க நாடான பொலிவியா. பட்ட அனுபவம் அப்படி. அங்குள்ள கொச்சபம்பா நகரின் குடிநீர் விநியோகம் 1999-இல் அமெரிக்க நிறுவனமான பெக்டெல் பங்கு வகித்த தனியார் கூட்டமைப்பிடம் போனது. 2000 தொடக்கத்தில் பில் வந்தால், சிலருக்குக் கட்டணம் இரண்டு மடங்கு! ஊர்க்காரர்கள் சொந்தக் காசில் தோண்டிய கிணறுகளும் புதிய சட்டத்தால் பறிபோகுமோ என்ற பயம் வேறு. ஊரே தெருவில் இறங்கியது. ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்தானது.

சரி, அப்புறம் தண்ணீர் வந்ததா? விநியோகம் மறுபடி பொது நிறுவனத்தின் கைக்கு வந்த பிறகும் நகரின் தெற்கே பல குடும்பங்கள் லாரித் தண்ணீரைத்தான் வாங்கின, அதுவும் குழாய்த் தண்ணீரைவிடக் கூடுதல் விலைக்கு.