பசியோடு திரும்பி வந்தவன்

அன்புள்ள ஐயா,

போன வருடம் என் மகனுக்கு மூளைக்காய்ச்சல் வந்து 11 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். இரவெல்லாம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருப்பேன். பக்கத்துப் படுக்கையில் இருந்த சிறுமியின் அம்மாவும் விசுவாசிதான். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்தே ஜெபித்தோம். என் மகன் பிழைத்தான். அவருடைய மகள் பிழைக்கவில்லை.

இப்போது சபையில் என்னைச் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். எழுந்து நின்று "ஜெபித்தேன், கர்த்தர் கேட்டார்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் அதே வார்த்தைகளைத்தானே சொன்னார்? இன்னொன்றும் உறுத்துகிறது. என் மகன் போயிருந்தால் நான் இன்று சபைக்கு வருவேனா? தெரியவில்லை. அப்படியானால் என் பக்தி வெறும் கொடுக்கல் வாங்கல்தானா? காணிக்கை போட்டால் பல மடங்காகத் திரும்பி வரும் என்று சொல்கிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்கிறேன். அவர்களைவிட நான் எந்த விதத்தில் மேல்? இனி எனக்காக எதையும் கேட்காமல் ஜெபிப்பதுதான் உண்மையான பக்தியா?

பெயர் வேண்டாம்,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கேட்பதை நிறுத்தாதீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் பிதாவின் நாமம், ராஜ்யம், சித்தம் என்று மூன்று விண்ணப்பங்கள். அப்புறம் நேராக அப்பம் வந்துவிடுகிறது. அன்றைய நாளுக்கு வேண்டிய சாப்பாடு. அதைக் கேட்பதைத் தாழ்ந்த ஜெபமாக அவர் நினைக்கவில்லை. சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் அவரே தமக்காகக் கேட்டார். வரப்போகிற பாடு என்கிற பாத்திரம் நீங்க வேண்டும் என்று மூன்று தடவை கேட்டதாக மத்தேயு எழுதுகிறார். பவுலும் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தடவை வேண்டிக்கொண்டார். இருவருக்குமே கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் கேட்டதே தப்பு என்று வேதத்தில் ஒரு வரி கிடையாது.

தன் பங்குச் சொத்தை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு வீடு திரும்பிய இளைய மகனைப் பற்றி இயேசு சொன்ன கதையை நாம் மனந்திரும்புதலின் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். லூக்கா 15-ஆம் அதிகாரத்தை இன்னொரு தடவை மெதுவாகப் படித்துப் பாருங்கள். அவனைக் கிளப்பியது எது? அப்பாவின் மேல் திடீரென்று வந்த பாசமா? "என் தகப்பனுடைய கூலிக்காரர் எத்தனையோ பேருக்குப் பூர்த்தியான சாப்பாடு இருக்கிறது, நானோ பசியினால் சாகிறேன்" என்கிறான். பசிதான் கிளப்பியது. என்ன சொல்ல வேண்டும் என்பதையும் புறப்படுவதற்கு முன்பே தயார் செய்துகொள்கிறான்: பாவம் செய்தேன், மகன் என்று சொல்லிக்கொள்ளத் தகுதியில்லை, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். மூன்றே வரி. வீட்டை நெருங்குகிறான், அப்பா ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். முதல் இரண்டு வரியைச் சொல்கிறான். மூன்றாவது வரி அவன் வாயிலிருந்து வரவே இல்லை. அதற்குள் அப்பா வேலைக்காரரைக் கூப்பிட்டு நல்ல துணி கொண்டுவரச் சொல்லிவிட்டார். "பசிக்காக வந்தாயா, எனக்காக வந்தாயா" என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அந்தப் பையனிடம் நல்ல பதில் ஒன்றும் இருந்திருக்காது.

இப்போது மூத்தவனைப் பாருங்கள். வீட்டைவிட்டு ஒரு நாளும் போகாதவன். தம்பி வந்ததற்கு விருந்து என்றதும் அப்பாவிடம் கோபப்படுகிறான். "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்றுதான் ஆரம்பிக்கிறான். வருடங்களை எண்ணி வைத்திருக்கிறான். தனக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கிடைக்கவில்லை என்பதையும் மனதில் குறித்து வைத்திருக்கிறான். தம்பி கூலிக்காரனாக இருக்கத் தயாராக வந்தான், அப்பா விடவில்லை. அண்ணன் மகனாக இருந்துகொண்டே கூலிக்காரனாக வாழ்ந்திருக்கிறான், அது அப்பாவுக்கு அன்றுதான் தெரிகிறது. நீங்கள் கேட்கிற வித்தியாசம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. கையேந்தி நிற்பது ஒன்று. கணக்கு வைத்துக்கொண்டு நிற்பது வேறு.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எனக்கு 19 வயதாக இருந்தபோது அப்பாவுக்கு ஈரலில் புற்றுநோய் என்று சொன்னார்கள். 40 நாள் உபவாசம் இருப்பதாகப் பொருத்தனை செய்தேன். அப்பா பிழைத்தால் முழுநேர ஊழியத்துக்கு வந்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். அழுதுதான் சொன்னேன். அதில் துளியும் பொய் இல்லை. 31-ஆம் நாள் அப்பா இறந்துபோனார். அன்று மதியமே உபவாசத்தை முடித்துவிட்டேன். அதற்கப்புறம் நான்கு வருடம் ஆலயப் படி ஏறவில்லை. நான் சொன்னதை ஒழுங்காகச் செய்தேன், கர்த்தர்தான் செய்யவில்லை என்ற எண்ணம் உள்ளே கல் மாதிரி கிடந்தது. என் கண்ணீர் நிஜம். ஆனால் நான் செய்தது பேரம்.

அம்மா எந்தப் பொருத்தனையும் செய்யவில்லை. அவரிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. இடது பக்கத்தில் தேதியோடு விண்ணப்பம், வலது பக்கத்தில் பதில் வந்த நாள். எல்லாம் பென்சிலில். அவர் காலமான பிறகுதான் அதைத் திறந்து பார்த்தேன். அப்பாவின் பெயர் ஏழு பக்கங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. கடைசியாக வந்த இடத்தில், வலது பக்கத்தில், அவர் இறந்த தேதியும் "எடுத்துக்கொண்டார்" என்ற ஒரே வார்த்தையும். பென்சிலை அவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறார், தாளைத் திருப்பி விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படுகிறது. அதற்குக் கீழேயே மறுநாள் தேதி. இடது பக்கத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயர், "சுகப்பிரசவம்" என்று.

அந்தப் பக்கத்தை நான் பல தடவை பார்த்துவிட்டேன். அந்த அழுத்தத்தில் கோபம் இருந்ததா, வலி மட்டும்தானா, எனக்குத் தெரியாது. சாந்தமான மனதோடு எழுதிய எழுத்து அது இல்லை. ஆனாலும் மறுநாள் காலையில் அவர் திரும்பவும் அதே இடத்தில் போய்க் கேட்டிருக்கிறார். அதுவும் இன்னொருத்திக்காக.

"மகன் போயிருந்தால் நான் வருவேனா" என்கிறீர்கள். அந்தக் கேள்வி வேதத்தில் ஏற்கெனவே இருக்கிறது, பிள்ளைகளையும் சொத்தையும் இழக்கப்போகிற யோபுவைப் பற்றி. "யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" அதைக் கேட்டது சாத்தான். கேள்வி அர்த்தமில்லாதது என்று நான் சொல்லவில்லை. கடவுளே அதைத் தள்ளிவிடவில்லை. ஆனால் அதைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் வேலை யோபுவுக்குக் கொடுக்கப்படவில்லை. பரலோகத்தில் நடந்த அந்தப் பேச்சு 42 அதிகாரங்களில் ஒரு இடத்திலும் அவனுக்குச் சொல்லப்படுவதில்லை. நீங்கள் உங்கள் மேலேயே குற்றம் சாட்டும் வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது உங்கள் வேலை இல்லை.

அப்புறம், யோபு எப்படி நிலைத்து நின்றான் என்பதையும் பாருங்கள். முதலில் ஸ்தோத்திரம் சொன்னான்தான், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே சொல்லிக்கொண்டிருக்கவில்லை. பிறந்த நாளைச் சபித்தான், கடவுளோடு வழக்காடினான். கடவுளுக்காக வக்காலத்து வாங்கிப் பேசியவர்கள் அவனுடைய நண்பர்கள்தான். நல்லது செய்தால் நல்லது வரும், கஷ்டம் வந்தால் ஏதோ பாவம் இருக்கிறது என்ற கணக்கை விதவிதமாகச் சொன்னார்கள். கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது அந்த நண்பர்கள் மேல். யோபு பேசியதுபோல அவர்கள் தம்மைப் பற்றி நிதானமாகப் பேசவில்லை என்று அவர்களிடமே சொல்கிறார். கத்தினாலும் யோபு வேறு பக்கம் திரும்பிக் கத்தவில்லை. அவரிடமே கத்தினான். நீங்களும் ஒருவேளை அப்படித்தான் செய்திருப்பீர்கள். இல்லை, என்னைப் போல நான்கு வருடம் போகாமலும் இருந்திருப்பீர்கள். நடக்காத ஒன்றைத் தாங்கும் பலத்தை இன்று உங்களுக்குள் தேடினால் கிடைக்காது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு அன்றன்றைக்குக் கிடைத்த உணவான மன்னாவை மறுநாளுக்கு என்று எடுத்து வைத்தபோது புழுத்துப்போனது ஞாபகம் இருக்கிறதா?

இந்தக் கேள்வியோடு நம்மைவிட நிறையப் போராடியவர்கள் இருக்கிறார்கள். 12-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் கிளேர்வோ மடத்துக்குத் தலைவராக இருந்த பெர்னார்ட், கடவுளை நேசிப்பதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அன்பில் நான்கு படிகள் என்றார். மனிதன் தனக்காகத் தன்னை நேசிப்பது முதல் படி. தனக்குக் கிடைப்பதற்காகக் கடவுளை நேசிப்பது இரண்டாவது. கடவுளுக்காகவே கடவுளை நேசிப்பது மூன்றாவது. கடவுளுக்காகவே தன்னையும் நேசிப்பது நான்காவது. எனக்கு அதில் பிடித்தது, இரண்டாவது படியை அவர் கேவலமாகப் பேசுவதில்லை என்பது. கஷ்டம் அடிக்கடி வருகிறது, அதனால் அடிக்கடி அவரிடம் ஓடுகிறோம், ஓடி ஓடி அவரையே ருசி பார்த்துவிடுகிறோம். மூன்றாவது படிக்கு வழி அதுதான் என்கிறார். நான்காவது படியை இந்த வாழ்க்கையில் யாராவது முழுமையாக எட்டியிருப்பார்களா என்பது அவருக்கே சந்தேகம்.

எதையுமே ஆசைப்படாமல் நேசிப்பதுதான் அன்பு என்ற பேச்சும் வந்தது. பிரான்சில் கம்பிரே பேராயராக இருந்த ஃபெனலோன் 1697-இல் எழுதிய நூலில், தூய அன்பில் ஆத்துமா தன் சொந்த இரட்சிப்பின் மேல் உள்ள ஆசையைக்கூட விட்டுவிடும் என்கிற அளவுக்குப் போனார். ஆயர் பொசுவே அதைக் கடுமையாக எதிர்த்தார். 1699-இல் போப் பன்னிரண்டாம் இன்னசென்ட் அந்த நூலிலிருந்து 23 கருத்துகளைக் கண்டித்தார். ஃபெனலோன் அதை ஏற்றுக்கொண்டு, தன் மறைமாவட்டத்து மக்களுக்கும் தானே அறிவித்தார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் நான் பொசுவே பக்கம். நம்பிக்கையை எடுத்துவிட்டு அன்பை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. தம்மைத் தேடுகிறவர்களுக்குப் பலன் அளிக்கிறவர் என்று நம்பித்தான் அவரிடம் வர வேண்டும் என்று எபிரெயர் நிருபமே சொல்கிறது. எதுவும் வேண்டாம் என்று நிற்பதில், நான் உம்மை நம்பியிருக்கவில்லை என்ற பெருமையும் நுழைந்துகொள்ளலாம்.

காணிக்கை விஷயத்துக்கு வருகிறேன். பணம் போட்டால் பல மடங்கு வரும் என்று நம்பி, இருந்த கடைசிப் பணத்தையும் போடுகிற விதவையைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அவர் பசியோடு வந்தவர். உங்களையும் என்னையும் போலத்தான். அவரிடம் அதைச் சொல்லிப் பணம் வாங்குகிறவரைப் பார்த்துத் தாராளமாகக் கோபப்படலாம். இதற்கு எப்போதும் மல்கியா 3:10-ஐ எடுப்பார்கள், தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்கைக் கொண்டுவாருங்கள், என்னைச் சோதித்துப் பாருங்கள் என்று. ஐந்து வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்கள், விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர்கள் மேல் நியாயத்தீர்ப்பு வரும் என்று இருக்கிறது. உபாகமம் 14-இல், மூன்றாம் வருடத்துத் தசமபாகம் லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியாவதற்காக. விதவைக்குப் போய்ச் சேர வேண்டியதை, விதவையிடமிருந்தே வாங்குவதற்கு இந்த வசனத்தைப் பயன்படுத்துகிறார்கள். சமாரியாவில் சீமோன் என்ற மந்திரவாதி பணத்தை நீட்டி வரத்தைக் கேட்டபோது, "உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது" என்றார் பேதுரு. அவர் அந்தப் பணத்தைத் தொடவில்லை. இதற்குமேல் இதைப் பற்றிப் பேச எனக்கு மனமில்லை.

கடைசியாக, சாட்சி. நம்முடைய சபைகளில் சாட்சி நேரம் என்றால் கிடைத்தவர்கள் மட்டும் எழுந்து நிற்கும் நேரமாகிவிட்டது. கிடைக்காதவர் பின்வரிசையில் கைதட்டிக்கொண்டிருப்பார். சங்கீதப் புத்தகம் அப்படி இல்லை. 88-ஆம் சங்கீதத்தைப் படியுங்கள். மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் எங்காவது ஒரு வரியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பவே இல்லை. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று இருட்டிலேயே முடிகிறது. அதையும் ஆலயத்தில் பாடுவதற்கென்றே வைத்திருக்கிறார்கள்.

உங்கள் மகன் பிழைத்ததற்கு நன்றி சொல்லுங்கள். குஷ்டம் நீங்கிய பத்துப் பேரில் ஒருவன்தான் திரும்பி வந்தான், மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார். நன்றி சொல்வதில் வெட்கம் வேண்டாம். "நான் ஜெபித்தேன், அதனால் பிழைத்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த "அதனால்" உண்மையா என்பது உங்களுக்கே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அது கத்தி மாதிரி. என் மகன் பிழைத்தான், என்னோடு ஜெபித்தவரின் மகள் பிழைக்கவில்லை, ஏன் என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் நான் நன்றியோடு நிற்கிறேன். இவ்வளவுதான் உங்களுக்குத் தெரிந்தது, இதைச் சொன்னால் போதும்.

அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண்ணை அப்புறம் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லை. அவரிடம் பேச உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கும். பையனைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், முதல் தடவை தனியாகப் போங்கள். அவர் கடவுளைத் திட்டினால் உட்கார்ந்து கேளுங்கள். அவருடைய மகளின் பெயரை நீங்களாகச் சொல்லிப் பேசுங்கள், அந்தப் பெயரை மற்றவர்கள் சொல்லி எத்தனை நாள் ஆகியிருக்குமோ. போன் எண் இருந்தால் இன்றைக்கே கூப்பிடுங்கள். சாட்சியை அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம்.

அன்புடன்.